சமன்கல் நட வேண்டிய இடத்தில் ஒரு முட்டை

திரு நிலைக்க. மழை பருவம் தவறாது பெய்க. பொலங்கோட்டு நாட்டைத் தம் வெண்குடை நிழலில் இருத்திக் காக்கும் நிலமளந்தார் கோவிடங்க மன்னரின் வலத்தோளும், பதினெண் கூற்றத்துக்கும் அறத்தை அளந்து கொடுக்கும் துலாக்கோலும், மூன்று பல்லக்கும் இரண்டு வெண்சாமரையும் முன்னே ஊதுவதற்கு ஒரு தனிச்சங்கும் அரசரிடம் பெற்றவரும், அப்பேறுகளை மற்றவர் மறந்துவிடாதபடி ஒவ்வோர் ஓலையிலும் நினைவூட்டி வருபவருமான மாமாத்தியர் மூவுலகப் பேரரையர் திருமுன்பு, செந்தேரிக் கானங்காவலன் சேந்தன் வெளியன் தலைதாழ்த்தி விடுக்கும் மறுவோலை. தங்கள் மாளிகை நலம், குதிரைகள் நலம், சங்கும் நலம் என்று காவலன் நம்புகிறான். இங்கே தேரியில் நலமாக இருப்பது மணல் மட்டுமே.

கீழ்நிலை அலுவலன் அவைக்கு எழுதும் ஓலையில் 'நான்' என்ற சொல் ஏறலாகாது என்பது நம் ஓலைமுறை. ஆகையால் இதில் காவலன் என்று வருமிடமெல்லாம் எழுதுகிறவனையே குறிக்கும். நிலவழக்கைத் தொட்ட ஓலையில் பிறர் சொன்னதை அவர் வாயிலிருந்து வந்தபடியே, மெருகேற்றாமல் எழுதவேண்டும் என்பதும் முறை. அவைக்குக் கேட்டுப் பழக்கமில்லாத பேச்சு சில வரும், பொறுத்தருள்க.

தங்கள் திருமுகம் நேற்று வந்து சேர்ந்தது. செந்தேரியில் தேரோட்டும் இன்பத்தையும் கானமயிலின் வாழ்வையும் ஒன்றையொன்று கெடுக்காமல் சமன்செய்த செங்கோலின் புகழ் ஊழிக்கும் நிற்கும்பொருட்டு, இருபது முழ உயரத்தில் 'சமன்கல்' ஒன்று ஐம்பது எருது பூட்டிய வண்டியில் புறப்பட்டுவிட்டதென்றும், திருமுகம் சேர்ந்த ஆறாம் நாள் தேரியை அடையுமென்றும், பறவைக்கென விடப்பட்ட நிலத்தின் நட்டநடுவில் அதை நிறுத்தவேண்டுமென்றும், அங்கே மகிழ்ந்து வாழும் கானமயில்களின் தொகையைக் கல்தச்சன் வெட்டுவதற்காக உடனே எழுதியனுப்ப வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது.

தொகை: ஒன்று.

மகிழ்கிறதா என்பதைக் காவலனால் உறுதிசெய்ய இயலவில்லை. அது ஒரு பெடை. தாங்கள் குறித்த நட்டநடுவில்தான், வெறுந்தரையில், ஒரே ஒரு முட்டையின்மேல் இன்றோடு எட்டு நாளாக உட்கார்ந்திருக்கிறது. முட்டை பொரிய இருபத்தேழு நாள் வேண்டும். மீதி பத்தொன்பது. கல் வர ஐந்து.

ஒன்று என்ற தொகை எப்படி வந்தது என்று அவையோர் வியக்கலாம். வியக்க வேண்டியதில்லை, அவையோர் ஒவ்வோராண்டும் கூடி, கலந்து பேசி, வெற்றிலை போட்டு உண்டாக்கிய தொகை அது. எனினும் எழுதிவைப்பது காவலன் கடமை.

கானமயிலை விசிறித் துணியில் பூவேலையாக மட்டும் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது ஆளின் இடுப்பளவு உயரம் நிற்கும் பறவை. மரத்தில் ஏறாது. கூடு கட்டாது. கண்ணுக்கெட்டும் தூரம் புல்லும் வெளியும் இருந்தால்தான் தரையில் முட்டையிடும். அதுவும் ஆண்டுக்கு ஒன்று. பருவம் வந்தால் ஆண்பறவை கழுத்துப் பையைக் காற்றால் நிரப்பி, முழங்கால் வரை தொங்கவிட்டு, வாலைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் எழுப்பியபடி உலா வரும். காவலன் முதன்முதல் அவைக்கு வந்த நாளில் அங்கே இருந்த பலரைப் பார்த்து, ஊர்நினைவில் சற்றே கண்கலங்கினான்.

ஐந்தாண்டுக்கு முன் தேரியில் அப்பறவைகள் முப்பத்தொன்று இருந்தன. அவ்வாண்டுதான் தலைநகரத்து இளவேளிருக்குச் சாலை அலுத்துப்போயிற்று. சாலையில் ஓடுவது உப்பு வணிகர் வண்டிக்கு அழகு, சாலையே இல்லாத நிலத்தில் ஓட்டுவதுதான் வீரருக்கு அழகு என்று ஒரு கொள்கை பிறந்தது. மணலில் புதையாத அகலச் சக்கரம் பூட்டிய தேர்கள் வந்தன. முன்னே முரசு, பின்னே புழுதி, நடுவே இளவேளிர். அவர்கள் தலைவர் கீரங்கொற்றனார், வேள்குடியில் பிறந்தவர், எப்போதும் சிரித்த முகம், யாரையும் வையமாட்டார், நசுக்கியதை இறங்கிப் பார்க்கவும் மாட்டார்.

காவலன் தேரோட்டத்துக்குப் பகைவன் அல்லன். இளமையில் அவனும் குதிரை நுரைதள்ளும்வரை விரட்டி மகிழ்ந்தவனே. அந்த இன்பம் பொய்யன்று. ஆகவே அவன் வடதேரியைக் காட்டினான்: வறண்ட ஏரியின் படுகை, கல்போல் இறுகிய தரை, ஒரு புல்லும் முளைக்காது, ஒரு பறவையும் இறங்காது, பத்துத் தேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். கொற்றனார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது இது:

"நல்ல எடந்தான் வெளியனாரே, இல்லேங்கலை. ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே ஓய்! எதுவுமே இல்லாத எடத்துல ஓட்டி என்ன சுகம்? புல்லு மடங்கணும், எதாவது விழுந்தடிச்சு ஓடணும். அப்பத்தானே வேகம்னு ஒண்ணு தெரியும்?"

வழக்கு அவைக்கு வந்தது. நம் நாட்டின் நடுவெடுப்பு முறையைப் பிறநாட்டுத் தூதர்கள் புகழ்ந்து பாடியிருப்பதாகத் தாங்களே பலமுறை அருளியிருக்கிறீர்கள். இரு தரப்பும் தத்தம் கோரிக்கையை ஒரே கயிற்றின் இரு முனைகளில் முடிந்து கொடுக்கும். அவைத்தலைவர் கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் கீறுவார். சங்கு ஊதும். வழக்கு முடியும். வரப்புக்காக மண்வெட்டி தூக்கிய இரண்டு அண்ணன்தம்பிக்கு அது நல்ல முறைதான். காவலன் அன்று செய்த பிழை ஒன்றே: அந்த முறைக்கு முன்னே போய் நின்று, உள்ளதை உள்ளபடி கேட்டான். ஓடைக்குத் தெற்கே உள்ள புல்வெளி, முட்டையிடும் மூன்று மாதம். அது பறவைக்குப் போதும், மற்றதெல்லாம் தேருக்கு என்றான். கொற்றனார் தேரி முழுவதும், ஆண்டு முழுவதும், அதோடு குதிரைகள் இளைப்பாறக் காவலனின் வீட்டையும் கேட்டார்.

தாங்கள் கயிற்றை மடித்தீர்கள். தென்வெளியில் பாதி, மூன்று மாதத்தில் பாதி பறவைக்குக் கிடைத்தது. வீட்டுக்கூரையில் பாதி காவலனுக்குக் கிடைத்தது. 'இரு தரப்பும் சற்றே வருந்தினால் தீர்ப்பு நேர்மையானது என்று பொருள்' என்று தாங்கள் அருளியதை அவைப்புலவர் உடனே குறித்துக்கொண்டார். கொற்றனார் வருந்துவதுபோல் முகத்தை வைத்திருந்தார். வெளியே வந்ததும் காவலனின் தோளில் தட்டினார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீரும். உம்ம கூரைல எனக்கு ஆசை ஒண்ணும் இல்லை. கயிறு நீளமா இருக்கட்டுமேன்னு சேத்து முடிஞ்சேன், அவ்வளவுதான்."

அப்போதாவது காவலனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இரண்டாம் ஆண்டு கொற்றனார் மறுபடி தேரி முழுவதையும் கேட்டார். காவலன் மிஞ்சியதைக் காக்கக் கேட்டான். மிஞ்சியதில் பாதி போயிற்று. மூன்றாம் ஆண்டு அந்தப் பாதியில் பாதி. ஒவ்வொரு முறையும் சங்கு ஊதிற்று. ஒவ்வொரு முறையும் சமன் கண்டதாகப் புலவர் பாடினார். நான்காம் ஆண்டு நிலம் மேலும் மடிக்க முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டதால், அவையோர் நாளை மடித்தார்கள். கானமயில் ஒற்றைப்படை நாட்களில் அடைகாக்கவும், இரட்டைப்படை நாட்களில் தேருக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கவும் ஆணை பிறந்தது.

ஓர் ஆணை யாரைக் கட்டுப்படுத்துமோ அவருக்கு அதைப் பறையறைந்து அறிவிக்க வேண்டுமென்பது சட்டம். தலைநகரிலிருந்து அறிவிப்பாளன் வந்தான். புல்லுக்கு நடுவே நின்று, ஓலையை விரித்து, அடைகாத்துக்கொண்டிருந்த மூன்று பெடைகளுக்கு முழு ஆணையையும் படித்துக் காட்டி, மும்முறை பறை அறைந்தான். முதல் அறைக்கே மூன்றும் எழுந்து பறந்தன, திரும்பவில்லை. அறிவிப்பாளன் அதை 'மறுப்பின்றி ஏற்றுக்கொண்டன' என்று குறித்துக்கொண்டு போனான். அக்குறிப்பு தங்கள் ஏட்டில் இருக்கும்.

இவ்வாண்டு திரும்பி வந்தது ஓர் ஆண், ஒரு பெடை. நான்கு களத்துமேட்டைச் சேர்த்து வைத்த அளவுள்ள நிலத்தில் பெடை முட்டையிட்டது. அது அடையில் அமர்ந்த மறுநாள் காலை தேர்கள் முரசோடு வந்தன. முரசின் ஒலியைத் தன்னைப்போல் இன்னோர் ஆண்பறவையின் முழக்கம் என்று எண்ணிற்றோ என்னவோ, ஆண்பறவை ஓடவில்லை. கழுத்துப் பையை ஊதிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, ஏழு தேருக்கு எதிரே நடந்து போய் நின்றது. அவையில் ஊதிப் பெருத்து நிற்போரைக் கண்டு நகைத்துப் பழகிய காவலனுக்கு அன்று நகைக்கத் தோன்றவில்லை. அவன் கத்திக்கொண்டே ஓடினான். தேர் குதிரையினுடையது, குதிரை சாரதியினுடையது, சாரதி கொற்றனாருடையவன், கொற்றனார் வேகத்தினுடையவர். நிற்க யாராலும் முடியவில்லை.

புழுதி அடங்கியபின் நடந்த பேச்சைக் காவலன் கேட்டபடியே தருகிறான்.

கொற்றனார், "அடடா, பாவமே," என்றார். பிறகு எல்லைக் கம்பத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஆனா வெளியனாரே, அது நின்னது எங்க பக்கம். பாத்துக்கிடும். எல்லை தாண்டி வந்தது அது."

"அது பறவை ஐயா."

"பறவைன்னா சட்டம் இல்லையா? நாங்க என்னைக்காவது உம்ம நாலு முழத்துக்குள்ள காலு வச்சோமா? வச்சிருந்தாச் சொல்லும், இங்கயே தண்டம் கட்டுதேன். நீரு ஒரு வேலியாவது போட்டிருக்கணும்."

"வேலி போட்டா அது முட்டையிடாது. வெளி தெரியணும் அதுக்கு."

"அப்ப நான் என்னதான் ஓய் பண்ண?" என்று அவர் உண்மையாகவே வருந்திக் கேட்டார். பின்பு குனிந்து நீண்ட இறகுகள் நான்கை எடுத்துத் தம் தேர்முகப்பில் செருகினார். "மரியாதைக்குத்தான். தப்பா நினைக்காதீரும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் காவலனின் நெஞ்சில் இன்றும் கிடந்து எரிகிறது. ஆண்பறவை நின்றது தேர்ப்பக்கம்தான். அந்த எல்லைக் கம்பத்தை நட்டவன் காவலன்.

ஆறு நாள் கழித்துத் தங்கள் சமன்கல் திருமுகம் வந்தது. அதைக் காவலன் உரக்கப் படித்தபோது அருகில் இருந்தவள் இடைச்சி உலகி. தேரியின் ஓரத்தில் செம்மறி மேய்ப்பவள். எட்டு நாளாகத் தன் மந்தையை அந்தப் பக்கம் விடாமல் மறித்து, காவலனோடு முறைவைத்துப் பெடையைக் காப்பவள். எழுதப்படிக்கத் தெரியாது. திருமுகத்தின் விருதுப்பெயர் வரிசை முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"இம்புட்டும் ஒரே ஆளா ஐயா?"

"ஒரே ஆள்தான்."

"நெறைய சோறு திங்கும் போலிருக்கே," என்றாள். கல் வரும் செய்தியைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "இந்தக் கூத்து எங்கன ஆரம்பிச்சுது? மொதல்ல அவுக என்ன கேட்டாக?"

"தேரி முழுக்க."

"நீரு?"

"பறவைக்கு என்ன வேணுமோ அதை."

"அதான் கெட்டுப்போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சந்தைக்குக் கிடா ஓட்டிட்டுப் போனா, கிடாக்குப் பதிலா சந்தையையே எனக்கு எழுதிக்குடுன்னுதான் பேச்சைத் தொடங்குவேன். அப்பத்தான் வாங்க வந்தவன் கிடா வெலைக்காவது எறங்கி வருவான். நீரு கிடாயை அவுத்து அவன் கையில குடுத்துட்டு, பாத்து நியாயமாச் செய்யும்னு நிக்கீரு. உம்மகிட்ட வாங்காம எவன்கிட்ட வாங்குவான்?"

"பறவையோட நெலத்தைப் பறவைக்குக் குடுன்னு எதுக்கு உலகி அதிகமாக் கேக்கணும்? அது ஏற்கெனவே அதோடதுதானே?"

"அதை அவுககிட்டச் சொன்னீராக்கும்? கேட்டாகளாக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் ஆடு திருப்பப் போய்விட்டாள்.

காவலன் இருபத்திரண்டு ஆண்டாகப் பெட்டியில் வைத்திருந்த நடுவெடுப்பு ஏட்டை அன்றுதான் முதன்முறையாக முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலைவரை படித்தான். ஒவ்வோராண்டும் வழக்குத் தொடுத்தவர் கொற்றனார். காவலன் மறுமொழி சொன்னவன் மட்டுமே. உள்ளதைக் கேட்க வழக்கு எதற்கு என்று இருந்துவிட்டான். தொடுப்பவனுக்கு என்னென்ன உரிமை உண்டு என்பதை அவன் அறிந்ததே இல்லை. மூன்று உரிமை உண்டு. நாட்டெல்லைக்குள் எந்த நிலத்தையும் அவன் கோரலாம், சான்று ஒன்று காட்டினால் போதும். அவை கூடும் நாளை, நாற்பது நாளுக்குள் எதையும், அவனே குறிக்கலாம். மூன்றாவது, விளைச்சலை எதிராளி வண்டியேற்றிக் கொண்டுபோய்விடாதிருக்க முன்னோர் செய்த காப்பு: கோரிக்கை ஓலையின் முத்திரை உடைந்த நொடிமுதல் அவை கூடும் நாள்வரை, வழக்கு நிற்கும் நிலத்தில் எந்தச் சக்கரமும் உருளலாகாது, எவருடையதானாலும்.

ஆகவே மறுமொழி சொல்வதைக் காவலன் இத்துடன் நிறுத்திக்கொண்டு, வழக்குத் தொடுக்கிறான்.

கானமயிலின் பொருட்டு அவன் கோருவது: செந்தேரி முழுவதும், வடதேரி முழுவதும், தேரியிலிருந்து தலைநகர்வரை செல்லும் பெருவழி, தலைநகராம் மாடவாயிலின் நான்கு மதிலுக்குள் அடங்கிய அனைத்தும், அதாவது தேர்வீதி நான்கும், குதிரைலாயமும், அரண்மனை முற்றமும், மாமாத்தியர் மாளிகையும் அதன் தாமரைக்குளமும். குளம் பறவைக்கு வேண்டியதில்லை. கயிறு நீளமாக இருக்கட்டும் என்று சேர்த்து முடிந்திருக்கிறான்.

சான்று: 'கானமயில் ஆடிய பசும்புல் வெளியைக் கண்டு மகிழ்ந்து மாடவாயில் கோநகர் எடுத்த' என்று மன்னர் குலத்தின் மெய்க்கீர்த்தி தொடங்குகிறது. ஒவ்வொரு காலையும் அவையில் அது பாடப்படுகிறது. பறவை முன்னே இருந்தது, நகரம் பின்னே வந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று காவலனிடம் இல்லை. மெய்க்கீர்த்தி பொய் என்று கூற விரும்பும் பேரவை உறுப்பினர் மன்னர் முன் எழுந்து கூறலாம்.

அவை கூடும் நாள்: இன்றிலிருந்து நாற்பதாம் நாள்.

இதைக் காவலன் வெற்றியென்று எண்ணி எழுதவில்லை. நாற்பதாம் நாள் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். நூற்றாண்டுகளாகத் தூதர்கள் புகழ்ந்த நடுவெடுப்பு முறை காட்டுமிராண்டித்தனமானது என்பதை அவையோர் ஒரே காலையில் கண்டுபிடிப்பார்கள். கயிறு மடிக்கப்படாது. காவலனின் பதவி போகும். வீட்டின் மறுபாதியும் போகும். தலை இருப்பது அன்றைய உணவின் சுவையைப் பொறுத்தது. பெடை ஒன்று, குஞ்சு பொரிந்தால் குஞ்சு ஒன்று. இரண்டு பறவையை வைத்துக்கொண்டு ஓர் இனம் மீளாது என்பதும் அவன் அறியாததன்று. அவன் கேட்டது இதற்குமேல் எதுவும் இல்லை: ஒரு முட்டை, அதற்கு உரிய நாள்வரை, ஒருவர் காலிலும் சக்கரத்திலும் படாமல் இருப்பது. ஐந்தாண்டுக்கு முன் நேராகக் கேட்டபோது கிடைக்காத அது, ஒரு நாட்டின் தலைநகரையே கேட்டால்தான் கிடைக்கிறது. இதைக் கல்லில் வெட்டினால் பொருந்தும். இடம் போதாதென்றால் 'ஒன்று' என்று மட்டும் வெட்டுக. உளி அதிகம் தேயாது.

இவ்வோலையைப் படிப்பதற்காகத் தாங்கள் திருக்கையால் முத்திரையை உடைத்தாயிற்று. ஆகையால் வழக்கு தொடங்கியாயிற்று. இதன் படியொன்று கல்வண்டித் தலைவனுக்கும், ஒன்று நகர்க்காவல் தலைவனுக்கும், ஒன்று கீரங்கொற்றனாருக்கும் போயிருக்கிறது. கல்வண்டி பெருவழியில் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க. எருதுகளை அவிழ்த்துப் புல் காட்டுக. மாடவாயிலில் தேரும் சகடும் உருளைப் பல்லக்கும் நின்ற இடத்தில் நிற்க. மாமாத்தியர் தேரேறி அவைக்குப் புறப்பட்டிருந்தால் இறங்கி நடக்க. சங்கு முன்னே ஊதலாம்; சங்குக்குச் சக்கரம் இல்லை.

நாற்பதாம் நாளுக்குமுன் வழக்கு நிலத்தில் ஒரு சக்கரத்தை ஒரு விரற்கடை உருட்டியவர், தம் மன்னரின் மெய்க்கீர்த்தியைப் பொய்யாக்கிய குற்றம் கொள்வார். உருட்டச் சொன்னவர் அதில் இருமடங்கு கொள்வார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு நடு எடுத்துப் பாதி கொடுக்கப்படும்.

செந்தேரிக் கானங்காவலன் சேந்தன் வெளியன் எழுத்து. அவன் காப்புமுத்திரை இட்டது. சான்று, இடைச்சி உலகி கைக்கீறல்.

ஓலை கொணர்ந்தவளும் உலகியே; தேரியிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்தாள். மறுமொழி கொணர்வோரும் நடந்தே வருக. விரைய வேண்டியதில்லை. வழியெல்லாம் நிழல் இருக்கிறது. பத்தொன்பது நாள் ஆனாலும் குற்றமில்லை.